பிறையும் பருவமும்

ஷஅபான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் நம் ஊர்களில் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. மஃரிப் வேளையில் முதியவரும் இளைஞரும் சிறுவரும் மாடிகளிலும் கடற்கரையிலும் ஆற்று மணலிலும் கூடி நின்று மேற்கு வானை உற்று நோக்குவர். கீற்றுப் போன்ற பிறை கண்ணிற்பட்டால் ஊரே மகிழ்ச்சியில் ஆழும். படாவிடின் ஊருக்கு ஊர் செய்தி கேட்கத் தொடங்குவர். "மக்காவில் இன்றே பிறை கண்டுவிட்டார்களாமே! வானில் இருப்பது ஒரே நிலவுதானே! நமக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?" என்னும் வினா அப்போது எழும். சில ஆண்டுகளில் இவ்வினா வினாவளவில் நில்லாது வாதமாகி, வாதம் பிணக்காகி, ஒரே தெருவில் ஒரு வீட்டார் பெருநாள் கொண்டாட அடுத்த வீட்டார் நோன்பு நோற்கும் நிலையும் நேர்ந்துவிடுகின்றது.

இவ்வினாவோடு வேறு இரு வினாக்களையும் சேர்த்துப் பார்க்கலாம். ஐப்பசி மழை என்றும் ஐப்பசியிலேயே பொழிகின்றது. ஆனால் ரமளான் நோன்பு ஒரு காலத்தில் கோடையிலும் மற்றொரு காலத்தில் அடைமழையிலும் வருவது ஏன்? கடல்நீர் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குவதும், அவ்வேளை நாளுக்கு நாள் தள்ளிப்போவதும் எதனால்? இவை தொடர்பற்ற வினாக்கள் போலத் தோன்றும். ஆயினும் புவியும் நிலவும் இயங்கும் முறையை அறிந்தோர்க்கு இவை அனைத்திற்கும் விடை ஓரிடத்திலேயே உள்ளது. அதனை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுழலும் புவி

நாம் வாழும் புவி தன் அச்சில் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கின்றது. விண்மீன்களை அளவாகக் கொண்டால் ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகும். அதற்குள் புவி சூரியனைச் சுற்றும் பாதையிலும் சற்று நகர்ந்து விடுவதால், சூரியன் மீண்டும் உச்சிக்கு வர ஏறத்தாழ நான்கு நிமிடம் கூடுதலாகத் தேவைப்படுகின்றது. அதனால் நம் நாள் 24 மணி நேரமாயிற்று.

இச்சுழற்சியின் பயனை நம் பள்ளிவாசல்களில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையிலேயே காணலாம். புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை திரும்புகின்றது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். நாகூரும் கோயம்புத்தூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் அமைந்தவை. எனினும் கோவை மேற்கே ஏறத்தாழ மூன்று பாகை தள்ளி இருப்பதால், நாகூரில் சூரியன் மறைந்து ஏறத்தாழ 11 நிமிடம் கழிந்த பின்னரே கோவையில் மறைகின்றது. நாகூரார் நோன்பு திறந்துவிட்டனர் என்பதற்காகக் கோவையார் சூரியன் வானில் இருக்கையிலேயே நோன்பு திறப்பதில்லை. இவ்வேறுபாடு குறித்து எவரும் எவரோடும் வழக்காடியதுமில்லை. காரணம், இது இட வேறுபாட்டால் வருவது என்பதை அனைவரும் அறிந்திருக்கின்றோம். இந்தப் பதினொரு நிமிடத்தை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன். இறுதியில் இது நமக்குத் தேவைப்படும்.

சாய்ந்த அச்சு

புவி சூரியனை ஒரு முறை சுற்றிவர 365 நாளும் கால் நாளுக்குச் சற்றுக் குறைந்த பொழுதும் ஆகின்றன. சூரியனுக்கு அருகில் செல்லும்போது கோடையும், விலகிச் செல்லும்போது குளிரும் வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. புவி சூரியனுக்கு மிக அண்மையில், ஏறத்தாழ 14 கோடியே 71 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருப்பது சனவரித் தொடக்கத்தில்; மிகத் தொலைவில், ஏறத்தாழ 15 கோடியே 21 இலட்சம் கிலோமீட்டரில் இருப்பது சூலைத் தொடக்கத்தில். நாம் மார்கழிப் பனியில் நடுங்கும் காலமே சூரியன் நமக்கு அண்மையில் உள்ள காலமாகும்!

பருவங்களுக்குக் காரணம் தொலைவன்று, சாய்வே. புவியின் அச்சு நேராக நில்லாமல் ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்துள்ளது. சாய்ந்த நிலையிலேயே சூரியனைச் சுற்றுவதால், ஆறு மாதம் வடபாதியும் ஆறு மாதம் தென்பாதியும் சூரியனை நோக்கி அமைகின்றன. நோக்கிய பாதியில் பகல் நீள்கின்றது, கதிர்கள் செங்குத்தாக விழுகின்றன, வெப்பம் மிகுகின்றது.

இச்சாய்வே நமக்கு மழையையும் தருகின்றது. கோடையில் ஆசியப் பெருநிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகின்றது. நிலத்தின் மேல் காற்றழுத்தம் குறையவே, கடலிலிருந்து ஈரக்காற்று உள்நோக்கி விரைகின்றது. புவியின் சுழற்சி அக்காற்றைத் திருப்பித் தென்மேற்குக் காற்றாக்குகின்றது. சூன் முதல் நாளையொட்டிக் கேரளக் கரையைத் தொடும் பருவமழை அவ்வாறு பிறப்பதே. சூரியன் தெற்கே சாய்ந்தபின் காற்று திசை மாறுகின்றது. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிவந்து, தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பொழிகின்றது.

காற்று இவ்வாறு முறை மாறி வீசுவதை அரபு மாலுமிகள் நன்கறிந்திருந்தனர். பருவம் என்னும் பொருளுடைய 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் 'மான்சூன்' என வழங்கலாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மாலுமியான அஹ்மத் இப்னு மாஜித், இந்துமாக்கடலில் எத்துறையிலிருந்து எந்நாளில் பாய் விரிக்க வேண்டும் என்பதைத் தம் கடல் நூலில் வகுத்துரைத்தார். காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் வாணிகத் துறைகளாகத் தழைத்தது இக்காற்றுகளின் துணையால்தான். ஒரு காற்றில் சென்று மறுகாற்றில் திரும்பிய வாழ்வு அது. புவியின் சாய்வு இல்லையேல் அந்த வாணிகமும் இல்லை. அதன் வழி அமைந்த உறவுகளும் இல்லை.

திங்களும் திங்களும்

தமிழில் 'திங்கள்' என்னும் சொல் நிலவையும் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும். 'மதி' என்பதும் அவ்வாறே. இன்று தமிழ் மாதங்கள் சூரியன் வழிப்பட்டவை. எனினும் சித்திரை, விசாகம், கார்த்திகை என முழுநிலா எந்த விண்மீனையொட்டி வருமோ அதன் பெயரையொட்டியே மாதப்பெயர்கள் அமைந்துள்ளன. மாதம் என்பது முதலில் நிலவின் கொடையே என்பதற்கு மொழியே சான்று.

நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் நின்று புவியைச் சுற்றுகின்றது. விண்மீன்களை அளவாகக் கொண்டால் ஒரு சுற்றுக்கு 27.3 நாள் ஆகும். அதற்குள் புவியும் நகர்ந்துவிடுவதால், ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையே சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம் செல்கின்றது. நாளின் பின்னமாக வருவதால்தான் பிறை மாதம் சிலபோது 29 நாளாகவும் சிலபோது 30 நாளாகவும் அமைகின்றது.

இத்தகைய மாதங்கள் பன்னிரண்டு சேர்ந்தால் 354 நாளும் சில மணி நேரமும் ஆகும். சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. இந்தப் பதினொரு நாளை என்ன செய்வது என்பதில்தான் உலகின் நாட்காட்டிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. 19 சூரிய ஆண்டுகளில் ஏறத்தாழ மிகச் சரியாக 235 பிறை மாதங்கள் அடங்கும். ஆதலின் யூதரும் சீனரும் 19 ஆண்டுகளில் ஏழுமுறை பதின்மூன்றாம் மாதம் ஒன்றைச் சேர்த்து, பிறையையும் பருவத்தையும் இணைத்துக்கொண்டனர். அரபியரிடையேயும் 'நஸீஉ' என்னும் பெயரில் மாதங்களை முன்பின்னாகத் தள்ளும் வழக்கம் இருந்தது. திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் மாதங்கள் பன்னிரண்டே என வரையறுத்து, அவ்வழக்கத்தை விலக்கிற்று. அன்று முதல் இஸ்லாமிய ஆண்டு தூய பிறையாண்டாயிற்று.

இதன் விளைவாக ரமளான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னோக்கி வந்து, 33 சூரிய ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றது. 2000-ஆம் ஆண்டில் சனவரியில் ஒன்றும் திசம்பரில் ஒன்றுமாக இரு நோன்புப் பெருநாள்கள் வந்தமை இதனால்தான். கி.பி. 2030-இல் சனவரியில் ஒரு ரமளானும் திசம்பர் இறுதியில் மற்றொரு ரமளானும் தொடங்கவிருப்பதும் இதனாலேயே. நாகூர்க் கந்தூரி ஜமாதுல் ஆகிர் மாதப் பிறையைப் பின்பற்றுவதால் பருவந்தோறும் இடம் மாறுகின்றது. அண்மையிலுள்ள வேளாங்கண்ணித் திருவிழாவோ சூரிய நாட்காட்டி வழி நடப்பதால் ஆகஸ்ட் 29-ஐ விட்டு அசைவதில்லை. ஒரே கடற்கரையில் இரு கணக்குகளும் அடுத்தடுத்து வாழ்கின்றன.

இந்நகர்ச்சியில் ஒரு நீதியும் உள்ளது. திருச்சியில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம். மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 30 நிமிடம். இலண்டனிலோ சூன் மாதப் பகல் 16 மணி நேரத்தையும் கடக்கும். திசம்பரில் எட்டு மணி நேரத்தையும் எட்டாது. நோன்பு என்றும் சூன் மாதத்திலேயே அமைந்திருப்பின் வடபுலத்தார் என்றும் நெடும்பகல் நோன்பு நோற்கவும், தென்புலத்தார் என்றும் குறும்பகல் நோன்பு நோற்கவும் நேர்ந்திருக்கும். நகரும் மாதம் அச்சுமையை 33 ஆண்டுகளில் அனைவர்க்கும் பகிர்ந்தளிக்கின்றது.

சூரியக் கணக்கு மட்டும் பிழையற்றதென்று எண்ணிவிடலாகாது. புவியின் அச்சு பம்பரத்தின் தலைபோல் மெல்ல வட்டமிடுகின்றது. ஒரு வட்டத்துக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டுகள். ஆதலின் விண்மீன்களை வைத்துக் கணித்த பஞ்சாங்கம் தை முதல் நாளில் உத்தராயணம் தொடங்குவதாகக் கூறினும், சூரியன் உண்மையில் வடக்கு நோக்கித் திரும்புவது திசம்பர் 21 அல்லது 22-இல் ஆகும். இரண்டும் ஒன்றி நின்றது ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன்னர். எந்த நாட்காட்டியும் இயற்கையோடு மனிதன் செய்துகொண்ட ஓர் உடன்பாடே. இயற்கையே நாட்காட்டி ஆகிவிடாது.

கடல் அறியும் நிலவு

நிலவின் ஈர்ப்பு புவியின் அருகிலுள்ள பக்கத்தைச் சற்று மிகுதியாகவும் மறுபக்கத்தைச் சற்றுக் குறைவாகவும் இழுக்கின்றது. இவ்வேறுபாட்டால் கடல்நீர் இரு பக்கமும் புடைத்து எழுகின்றது. புவி சுழலுகையில் ஒவ்வொரு கரையும் இப்புடைப்புகளைக் கடப்பதால், நம் கரைகளில் நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி இருமுறை வற்றுகின்றது. இதனையே ஓதம் என்கின்றோம். நிலவும் தன் பாதையில் முன்னேறிச் செல்வதால், ஓதம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி வருகின்றது. சூரியனும் கடலை இழுக்கின்றது. ஆயின் அதன் ஓத ஆற்றல் நிலவினுடையதில் பாதிக்குச் சற்றுக் குறைவே. அமாவாசையிலும் முழுநிலாவிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம் பெரிதாகின்றது. அரைநிலா நாள்களில் சிறுத்துவிடுகின்றது.

இவ்வுண்மையை இஸ்லாமிய அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். கி.பி. 973-இல் பிறந்த அல்பிரூனி, இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலில் கடலின் ஏற்றவற்றத்துக்கென ஓர் அத்தியாயம் வகுத்தார். குசராத்தின் சோமநாதக் கரையில் நிலவு எழும்போதும் மறையும்போதும் நீர் ஏறுவதையும், உச்சியிலும் நள்ளிரவுப் புள்ளியிலும் அது நிற்கும்போது நீர் வடிவதையும் அவர் குறித்தார். நிலவின் தலைவன் என்னும் பொருளில் அத்தலம் பெயர் பெற்றமைக்கும் இதனோடுள்ள தொடர்பையும் விளக்கினார். பிறர் சமயத்தையும் இகழாது ஆராய்ந்த அவர்தம் நடுநிலை இன்றைய மாணவர்க்குப் பாடமாகும்.

கரையின் அமைப்புக்கேற்ப ஓதத்தின் உயரம் வேறுபடும். குசராத்தின் காம்பே வளைகுடாவில் அது ஏறத்தாழ பத்து மீட்டரை எட்டும். சென்னைக் கரையில் பேரோத நாளிலும் ஏறத்தாழ ஒரு மீட்டரே. அச்சிறு ஏற்றமும் வீணன்று. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஓத நீர் புகுந்து வடிவதால்தான் உப்புச் சேற்றில் மரங்கள் வேரூன்றுகின்றன. விதைகள் மிதந்து பரவுகின்றன. இறாலும் மீனும் குஞ்சு வளர்க்கின்றன. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், ஆண்டின் குறித்த பருவத்தில், முழுநிலாவுக்குப் பிந்திய சில இரவுகளில், எண்ணற்ற பவள உயிர்கள் ஒருசேர முட்டையும் விந்தும் வெளியிடுகின்றன. பருவத்தை அவற்றுக்குச் சூரியன் உணர்த்துகின்றது. இரவை நிலவு உணர்த்துகின்றது. இரு கணக்கையும் ஒருங்கே கற்ற உயிர்கள் அவை!

ஓதம் புவியின் சுழற்சியையும் மெல்லத் தடுக்கின்றது. அதன் விளைவாக நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்வதை, 1969 முதல் நிலவில் வைக்கப்பட்ட எதிரொளிப்பான்களின் துணையால் அளந்துள்ளனர். தொல்பவளங்களின் வளர்ச்சி வரிகளை 1963-இல் ஆராய்ந்த ஜான் வெல்ஸ் என்னும் அறிஞர், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆண்டில் 400 நாள்கள் அடங்கியிருந்தன என எடுத்துக்காட்டினார். நாளே நீண்டு வந்திருக்கின்றது!

பிறை ஏன் வேறுபடுகின்றது?

இனி முதல் வினாவுக்கு வருவோம். அமாவாசைக் கணத்தில் நிலவு சூரியனின் திசையிலேயே நிற்கின்றது; அதன் ஒளிமுகம் நமக்குத் தெரியாது. அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ அரைப் பாகை வீதம் சூரியனை விட்டு விலகுகின்றது. போதிய அளவு விலகினாலன்றிக் கீற்று உருவாகாது. இவ்விலகல் ஏறத்தாழ ஏழு பாகைக்குக் குறைவாயின் பிறையே தோன்றாது எனப் பிரெஞ்சு வானியலார் ஆந்த்ரே தான்ஜோன் 1930-களில் எடுத்துரைத்தார். வெறுங்கண்ணுக்கு அதனினும் மிகுதியான விலகல் வேண்டும். பிறையின் உயரம், வானின் தெளிவு, அந்தி ஒளி ஆகியவையும் இதில் பங்கு பெறுகின்றன.

எடுத்துக்காட்டாக, நாகூரில் சூரியன் மறையும் நேரத்தில் விலகல் 9 பாகை எனக் கொள்வோம். கண்ணுக்கு எட்டுவது அரிது. மக்காவில் சூரியன் மறைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் விலகல் 10 பாகையைத் தாண்டிவிடும், காண வாய்ப்புண்டு. மொராக்கோவில் அந்தி சாய்வதற்குள் ஏறத்தாழ 12 பாகை ஆகிவிடும். பிறை தெளிவாகத் தென்படும். நாகூரில் காணவில்லை என்றவரும் பொய்யுரைக்கவில்லை. மேற்கே கண்டோம் என்றவரும் பொய்யுரைக்கவில்லை. நிலவு ஒன்றே, அந்திகள் பல.

இவ்வேறுபாடு தொலைபேசிக் காலத்தில் புதிதாகப் பிறந்ததன்று. ஷாம் நாட்டில் ஒரு நாளும் மதீனாவில் மறுநாளும் பிறை காணப்பட்ட செய்தியையும், மதீனாவில் இருந்த இப்னு அப்பாஸ் (ரலி) தம் ஊரார் கண்ட பிறையையே பின்பற்றியதையும் ஸஹீஹ் முஸ்லிம் நூல் பதிவு செய்துள்ளது. ஒரு நாட்டார் கண்ட பிறை பிற நாட்டார்க்கும் பொருந்துமா, கணிப்பை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்பன மார்க்கச் சட்ட வினாக்கள். அவற்றில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு பண்டு தொட்டே உண்டு. அவற்றை முடிவு செய்வது உலமாக்களின் பொறுப்பு. இக்கட்டுரை அதில் தலையிடவில்லை. ஆயினும் வானியல் ஒன்றை உறுதியாகச் சொல்லும்: பிறைத் தோற்றம் இடத்துக்கிடம் வேறுபடுவது இயற்கையின் ஒழுங்கே, எவருடைய பிழையுமன்று.

வானுக்கு எல்லை வகுத்த அறிவு

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நிலவு கடலை ஆள்கின்றது என்பதால், நம் நன்மை தீமைகளையும் அது ஆள்கின்றது என்று எண்ணிவிடக் கூடாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இளம் மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அம்மைந்தரின் மறைவால்தான் சூரியன் இருண்டது என மக்கள் பேசலாயினர். துயரின் நடுவிலும் பெருமானார் அக்கருத்தை மறுத்து, எவரது பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ கிரகணம் பிடிப்பதில்லை எனத் தெளிவுபடுத்தினார்கள். தமக்குப் பெருமை சேர்க்கக்கூடிய ஒரு பிழையையும் ஏற்காத வாய்மை அது.

இத்தெளிவு இன்றும் வேண்டும். 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகை மாவட்டக் கரையைச் சூறையாடிற்று. அன்று முழுநிலா நாள். அதனால் நிலவே காரணம் என்று கூறியவர் உளர். சுமத்திராவின் கடலடியில் புவித்தட்டுகள் நெடுங்காலம் நெருக்குண்டு, ஒருநாள் பெயர்ந்து கடல்நீரைத் தூக்கியதே அதன் காரணம். ஓதத்தை முன்கூட்டியே நிமிடக் கணக்கில் சொல்ல இயலும். ஆழிப்பேரலையை நிலவைப் பார்த்துச் சொல்ல இயலாது. இரண்டையும் பிரித்தறியாதவர் முழுநிலாவுக்கு அஞ்சுவர். அஞ்ச வேண்டிய கடலடி நிலநடுக்கத்தை மறந்துவிடுவர்.

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் பிறைகளை மக்களுக்கும் ஹஜ்ஜுக்கும் காலங்காட்டிகள் எனக் குறிக்கின்றது. காலங்காட்டி காலத்தைக் காட்டுவதற்கே, கலகத்தை மூட்டுவதற்கன்று. நாகூருக்கும் கோவைக்கும் இடையே உள்ள 11 நிமிடத்தை நாம் பிணக்கின்றி ஏற்கின்றோம். ஊருக்கும் ஊருக்கும் இடையே பிறை ஒரு நாள் வேறுபடுவதும் அதே புவியின் உருட்சியாலும் சுழற்சியாலும் வருவதே. முன்னதை ஏற்ற உள்ளம் பின்னதையும் ஏற்றால், ஜமாஅத்தார் எம்முடிவை எடுப்பினும் அதனை அமைதியோடு எடுப்பர்.

மாணவர்களே! அடுத்த ஷஅபான் இருபத்தொன்பதில் உங்கள் ஊர்ப் பெரியோரோடு நீங்களும் மேற்கு நோக்கி நில்லுங்கள். பிறை தென்பட்டால் மகிழுங்கள். தென்படாவிடின் அது ஏன் தென்படவில்லை என்பதை அருகில் நிற்பவருக்கு அன்போடு விளக்குங்கள். நீங்கள் கற்ற கல்வி உங்கள் தெருவுக்குப் பயன்படும் மாலை அதுவாக இருக்கட்டும்.